ஜிடிபிக்குள் பைதனைச் சேர்த்து பில்ட் பண்ணுவது

ஜிடிபி என்பது ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை தேடும் கருவி. சி++ வெக்டர் (பட்டியல்) ஒன்றில் "மட்டக்களப்பு", "அம்பாறை" என்று இரண்டு ஸ்ட்ரிங் போட்டு, பைதன் இல்லாத ஜிடிபியில் பிரின்ட் பண்ணினால் மூன்று மெமரி முகவரிகள்தான் வரும். ஊர்ப்பெயர் எதுவும் தெரியாது. பைதன் இருந்தால் "நீளம் 2" என்று சொல்லி இரண்டு பெயரையும் காட்டும். ஜிடிபிக்கு இந்த வசதி 2009இல் வந்த 7.0 பதிப்பிலிருந்தே உண்டு. ஆனால் பில்ட் நேரத்தில் பைதன் அகப்படாவிட்டால் ஓர் எச்சரிக்கை வரியோடு, பைதன் இல்லாமலேயே வேலை முடிந்துவிடும். அதனால் அதை நாமே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழக விடுதியில் இருந்து மொபைல் டேட்டாவில் இறக்குபவர்கள் ஜிடிபியின் முழு மாற்ற வரலாறும் உள்ள கிட் களஞ்சியத்தைத் தொட வேண்டாம். அது பல நூறு எம்பி. ஒரு பதிப்பின் மூலக்கோப்புகளை மட்டும் கட்டிய வெளியீட்டு டார் கோப்பே போதும்.

உபுண்டுவில் முதலில் நிறுவ வேண்டியவை: பில்ட்-எசென்ஷியல், பைதன்3-டெவ், லிப்ஜிஎம்பி-டெவ், லிப்எம்பிஎஃப்ஆர்-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ், லிப்எக்ஸ்பட்1-டெவ், டெக்ஸ்இன்ஃபோ. பைதன்தான் ஏற்கெனவே ஓடுகிறதே என்று பைதன்3-டெவ்வை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஓடும் பைதன் வேறு, அதோடு இணைத்துக் கம்பைல் பண்ணத் தேவையான ஹெடர் கோப்புகள் வேறு. ஜிடிபிக்கு இரண்டாவதும் வேண்டும்.

மூலக்கோப்புகளுக்கு வெளியே தனி போல்டர் திறந்து, அதில் நின்று, கணினியைச் சோதித்து பில்டுக்குத் தயார்பண்ணும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். இரண்டு தெரிவுகள் கொடுங்கள்: --பிரிஃபிக்ஸ் (நிறுவும் இடம்) என்பதற்கு உங்கள் ஹோமுக்குள் ஒரு போல்டர், --வித்-பைதன் என்பதற்கு /யுஎஸ்ஆர்/பின்/பைதன்3 என்ற முழுப் பாதை. அனகொண்டா (தனக்கென்று ஒரு பைதனோடு வரும் தொகுப்பு) இருக்கும் லப்டொப்பில் வெறுமனே --வித்-பைதன் என்று விட்டால் அனகொண்டாவின் பைதனோடு இணைந்துவிடக்கூடும். பிறகு ஜிடிபியைத் திறக்கும்போது லிப்பைதன் கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிடும்.

கன்ஃபிகர் சத்தமில்லாமல் முடிந்தால் பைதன் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பைதனைத் தேடுவது ஜிடிபி உட்போல்டரின் கன்ஃபிகர். அது, கம்பைல் பண்ணும் மேக் கட்டளை ஓடும்போதுதான் தொடங்கும். பிழை வந்தால் பார்க்க வேண்டியதும் அந்த உட்போல்டரில் உள்ள கன்ஃபிக்.லாக். விடுபட்ட பொதியை நிறுவிய பின் பழைய போல்டரிலேயே தொடராதீர்கள். முந்திய சோதனை முடிவு கேஷில் இருந்து திரும்ப வரும். புதுப் போல்டரில் தொடங்குங்கள்.

நான்கு ஜிபி ராம் என்றால் மேக் -ஜே2 (ஒரே நேரத்தில் இரண்டு வேலை), அதற்கு மேல் வேண்டாம். கார்த்திகை, மார்கழி மழையில் நடுவில் கரன்ட் போனால் மேக்கை மறுபடி ஓட்டினால் விட்ட இடத்தில் தொடரும். அதற்கு முன் அளவு பூச்சியமாகக் கிடக்கும் .ஓ கோப்புகளை (கம்பைல் பண்ணிக் கிடைப்பவை) அழித்துவிடுங்கள். நேரத்தை மட்டும் பார்க்கும் மேக் அவற்றை முடிந்த வேலை என்று எடுத்துக்கொள்ளும்; எல்லாவற்றையும் இணைக்கும் கடைசி லிங்கில்தான் பிழை தெரியும்.

பின்பு மேக் இன்ஸ்டோல். நிறுவாமல் பில்ட் போல்டரிலிருந்தே திறந்தால் ஜிடிபியின் பைதன் மொடியூல் ஏறவில்லை என்று எச்சரிக்கும். அப்போது --டேட்டா-டிரெக்டரி தெரிவில் ஜிடிபி உட்போல்டருக்குள் இருக்கும் டேட்டா-டிரெக்டரியைக் காட்டினால் சரி.

ஜிடிபிக்குள் "பைதன் பிரின்ட்(1)" என்று கொடுங்கள். 1 வந்தால் பைதன் உள்ளே இருக்கிறது. அப்படியும் வெக்டர் முகவரிகளாகவே வந்தால் பிழை பில்டில் இல்லை. நீங்கள் கட்டிய ஜிடிபி தன் பிரிஃபிக்ஸுக்குள்தான் பிரிட்டி-பிரின்டர்களை (வெக்டர் போன்றவற்றை வாசிக்கக்கூடியதாகக் காட்டும் பைதன் ஸ்கிரிப்டுகள்) தேடும். சி++ நூலகமான லிப்எஸ்டிடிசி++ உடையவை /யுஎஸ்ஆர்/ஷெயர்/ஜிடிபி/ஓட்டோ-லோட் இல் இருக்கின்றன. ஹோமில் உள்ள .ஜிடிபிஇனிட் கோப்பில் அந்தப் பாதையை இரண்டு கட்டளைகளுக்கும் கொடுங்கள்: அட்-ஓட்டோ-லோட்-ஸ்கிரிப்ட்ஸ்-டிரெக்டரி, அட்-ஓட்டோ-லோட்-சேஃப்-பாத். ஒன்றை விட்டால் மற்றது பயன்படாது.

"ம" இருக்க வேண்டிய இடத்தில் \340\256\256 என்று வந்தால் அது பைதன் கோளாறு அல்ல. அந்த எழுத்தின் மூன்று யுடிஎஃப்-8 பைட்கள்தான் எண்மக் கணக்கில் (ஒக்டல்) தெரிகின்றன. டெர்மினலின் லொகேலை (மொழி, எழுத்துக்கான அமைப்பு) யுடிஎஃப்-8 ஆக்கிவிட்டு ஜிடிபியைத் திரும்பத் திறவுங்கள்.

உபுண்டு 22.04இலிருந்து 24.04க்கு ஏறினால் பைதன் 3.10 போய் 3.12 வரும். பழையதோடு இணைந்த ஜிடிபி அதன் பின் திறக்காது. மீண்டும் பில்ட் பண்ண வேண்டும்.