சிஎஸ்வி கோப்பைக் காற்புள்ளியில் வெட்டாதீர்கள்

104,"12, காந்தி தெரு",மதுரை

சிஎஸ்வி என்பது புலங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் அட்டவணைக் கோப்பு. மேலே உள்ள இந்த வரியில் 3 புலங்கள்தான். ஆனால் சரத்தைத் துண்டாக்கும் பைதானின் ஸ்ப்ளிட் கொண்டு காற்புள்ளியில் வெட்டினால் 4 துண்டுகள் வரும். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் தெருப் பெயர் உட்கார்ந்துகொள்ளும். பிழைச்செய்தியே வராது என்பதுதான் இதில் மோசம். சிஎஸ்வி வடிவத்தை விவரித்து 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 ஆவணத்தின்படி, இரட்டை மேற்கோளுக்குள் காற்புள்ளி மட்டுமல்ல, புது வரியும் வரலாம். உள்ளே மேற்கோள் குறியே வேண்டுமென்றால் அதை இருமுறை எழுத வேண்டும். இத்தனையையும் ரெஜெக்ஸால் (எழுத்துக் கோலங்களைத் தேடும் குறிமுறையால்) சமாளிக்க முயல்வது வீண் வேலை. பைதானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலின் ரீடரையே பயன்படுத்துங்கள்.

கோப்பைத் திறக்கும்போது நியூலைன் மதிப்பை வெற்றுச் சரமாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் புலத்துக்குள் இருக்கும் வரிமுறிவு சரியாகப் படிக்கப்படாமல் போகலாம். விண்டோஸில் எழுதும்போது வரிக்கு வரி வெற்று வரியும் விழும்.

எக்செலில் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ ஆகச் சேமித்த கோப்பா? அதன் தொடக்கத்தில் இது யுடிஎஃப்-8 என்று காட்டும், கண்ணுக்குத் தெரியாத 3 பைட் பாம் குறி இருக்கும். திரையில் முதல் தலைப்பு ‘எண்’ என்றே தெரியும், ஆனால் டிக்ட்ரீடரில் (தலைப்புப் பெயரால் புலத்தை எடுக்க உதவும் ரீடர்) அந்தப் பெயரில் தேடினால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று கீஎரர் பிழை வரும். என்கோடிங்கை ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

தொலைபேசி எண்களை இன்ட்டாக (முழு எண்ணாக) மாற்ற வேண்டாம், முன்னால் உள்ள 0 பறிபோகும்.