எலும்பு மெலிவு மருந்து: நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

ரங்கூன் நகரின் நடுப்பகுதியில் வீடு வீடாகப் போய் ஊசி போடுவது, ட்ரிப் ஏற்றுவது, கட்டு மாற்றுவது என் பிழைப்பு. லிஃப்ட் இல்லாத மாடிக் கட்டடங்கள், செங்குத்தான படிகள். மேல்மாடியில் இருக்கும் பெரியம்மாக்கள் பலர் மாதக்கணக்கில் கீழே இறங்குவதே இல்லை. பால்கனியிலிருந்து கயிறு விட்டுக் காய்கறிப் பையை மேலே இழுத்துக்கொள்வார்கள். வெயில் படுவதில்லை, நடை இல்லை. அப்புறம் ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தால் இடுப்பு முறிந்துவிடுகிறது.

இப்போது என்னோடு இரண்டு இளம் செவிலியர் வருகிறார்கள். நோயாளி கேட்கும் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில், நான் வேலைக்கு வந்த புதிதில் சொன்ன அதே அரைகுறைப் பதில். அம்மாவுக்கு மருந்து வாங்கித் தரும் பிள்ளைகளின் நிலையும் அதைவிட மேலானதாக இல்லை. பால் குடிக்காதது, ஈரத் தரை, வழுக்கும் செருப்பு, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் செய்ய மாட்டார்கள்.

டீயோடு மாத்திரை

எலும்பு கரைவதைக் குறைக்கும் மாத்திரை அலெண்ட்ரோனேட், 70 மில்லிகிராம், வாரத்துக்கு ஒன்று. வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடு விழுங்கினாலும் அதில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உடம்பில் சேரும். காபியோடு விழுங்கினால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும். பாலும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் சேர்ந்தால் மிச்சமும் இல்லை. நம் ஆட்களோ கண் விழித்ததும் பால் டீ இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டும் ஸ்கேனில் ஒன்றும் ஏறவில்லை என்று வருத்தப்படும் வீட்டில், முதலில் டீ கிளாசைத்தான் விசாரிப்பேன்.

ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும், அல்லது நிற்க வேண்டும். மாதம் ஒரு முறை போடும் ஐபாண்ட்ரோனேட் என்றால் ஒரு மணி நேரம். அதன் பிறகுதான் மொஹிங்காவோ இட்லியோ. படுத்துவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நெஞ்சு எரிகிறது என்று நிறுத்துபவர்களில் பலர் விழுங்கிய கையோடு மறுபடி படுத்தவர்கள்தான். நொறுக்கிக் கொடுப்பதும், வாயில் போட்டுச் சப்புவதும் அதே கணக்கு.

நிமிர்ந்து உட்காரவே முடியாத பாட்டிக்கும், விழுங்கும்போது தொண்டை அடைக்கிறது என்பவருக்கும் இந்த மாத்திரை சரிப்படாது. அங்கே பிடிவாதம் பிடிக்காமல் ஊசி மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

முதல் காய்ச்சலோடு முடித்துக்கொள்வது

அலெண்ட்ரோனேட் வகையிலேயே ஊசி மருந்து ஜோலிட்ரானிக் ஆசிட், 5 மில்லிகிராம், ஆண்டுக்கு ஒரு முறை, நரம்பில் ட்ரிப்பாக. குறைந்தது 15 நிமிடம் மெதுவாக ஏற வேண்டும். முதல் முறை போட்டுக்கொள்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சல், உடம்பு வலி, ஃப்ளூ மாதிரி ஒரு சோர்வு வரும். பெரும்பாலும் மூன்று நாளுக்குள் அடங்கிவிடும். இரண்டாம் ஆண்டு மிகக் குறைவு. முன்னும் பின்னும் நிறையத் தண்ணீர், மருத்துவர் சொன்னபடி பாரசிட்டமால். இதை முன்கூட்டியே சொல்லாமல் ஊசி போட்டுவிட்டு வந்தால் ராத்திரி போன் வரும், அடுத்த வருடம் கதவு திறக்காது.

சென்னையில் போட்ட ஊசி

இதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் தீராத விஷயம்.

நம்மவர்கள் வைத்தியத்துக்குச் சென்னை போவது புதிதல்ல. மூட்டு, கண், இதயம் என்று ஏதோ ஒன்றுக்குப் போவார்கள், கூடவே எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுப்பார்கள். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற அடர்த்திக் கணக்கு மைனஸ் 2.5-க்குக் கீழே, அதாவது எலும்பு மெலிவு என்று சொல்லும் அளவில் இருக்கும். டெனோசுமாப் என்ற 60 மில்லிகிராம் ஊசியைத் தோலுக்கு அடியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வயிறு எரியாது. நல்ல மருந்துதான். மூன்று ஆண்டு சோதனையில் முதுகின் முள்ளெலும்பு முறிவை 68 சதவீதம் குறைத்த மருந்து. என் கோபம் மருந்தின் மேல் இல்லை.

அலெண்ட்ரோனேட்டும் ஜோலிட்ரானிக் ஆசிட்டும் எலும்பில் படிந்து பல காலம் அங்கேயே தங்கும். நிறுத்தினாலும் சில காலம் வேலை செய்யும். டெனோசுமாப் அப்படிப் படிவதில்லை. எலும்பைக் கரைக்கும் செல்கள் உருவாக விடாமல் தடுத்து நிற்கும், அவ்வளவுதான். ஊசியின் வலு தீர்ந்ததும் அந்தச் செல்கள் அணை உடைந்த மாதிரி ஒரே நேரத்தில் கிளம்பும். எலும்பு கரையும் வேகம், மருந்து தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிடவும் அதிகமாகிவிடும். சேர்த்த எலும்பெல்லாம் ஓரிரு ஆண்டில் போகும். சிலருக்கு முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கும். ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மாவுக்குச் சென்னையில் உள்ள ஒரு மருத்துவமனையில் இந்த ஊசியைத் தொடங்கினார்கள். மகன் அங்கே வேலை பார்த்ததால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். 2020 வசந்த காலத்தில் அடுத்த ஊசி. மார்ச் கடைசியில் பர்மாவுக்கு வழக்கமான சர்வதேச விமானங்கள் நின்றன, 2022 ஏப்ரலில்தான் மறுபடி வந்தன. அந்தக் குடும்பம் என்ன செய்ததென்றால், காத்திருந்தது. நான் வேறு ஒரு வேலையாக அந்த வீட்டுக்குப் போனபோது பேச்சுவாக்கில் கேட்டேன். "ஊசிதானக்கா, பிளேன் விட்டதும் போயிப் போட்டுக்கலாம்னு இருக்கோம்" என்றான் இங்கே இருக்கும் சின்ன மகன். கடைசி ஊசி போட்டு அப்போதே பத்து மாதம் ஆகியிருந்தது. உடனே மருத்துவரிடம் பேசச் சொன்னேன். பேசுகிறேன் என்றான்.

அரிசிப் பானையைத் தூக்கியபோது முதுகில் சுளுக்கு என்றார்கள். எக்ஸ்ரேயில் மூன்று முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. அந்த அம்மா இன்றும் கூனித்தான் நடக்கிறார்.

எரிச்சல் எங்கே என்றால், விமானம் நின்றதற்கு யாரும் பொறுப்பில்லை, சரி. ஆனால் அந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளை வாங்கிப் பார்த்தேன். "6 மாதம் கழித்து மீண்டும்" என்று ஒரு வரி. தவறினால் என்ன ஆகும் என்று இல்லை. வர முடியாவிட்டால் மாற்றாக என்ன போட வேண்டும் என்று இல்லை. வேறு நாட்டிலிருந்து வரும் நோயாளி என்று தெரிந்தும் இல்லை. கடைசி ஊசி முடிந்து ஆறு மாதம் ஆகும் சமயத்தில் ஜோலிட்ரானிக் ஆசிட் ஏற்றியிருந்தால் அந்தச் சரிவைப் பெருமளவு தடுத்திருக்கலாம். அதை இங்கேயே ஏற்றியிருக்க முடியும். இரண்டாவது எரிச்சல் குடும்பத்தின் மேல். இந்த மருந்தால் தாடை அழுகுமாமே என்று என்னிடம் எத்தனையோ தடவை கேட்டவர்கள், அடுத்த தேதி தவறினால் என்ன என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

விமானம் வந்த பிறகும் இது நிற்கவில்லை. விசா தாமதம், டாலர் விலை, மகள் பிரசவம், ஏதாவது ஒரு காரணம். போன மாதமும் என்னோடு வரும் பெண்களில் ஒருத்தி ஒரு வீட்டில் "ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சில வாரம் தள்ளினால் சமாளிக்கலாம். மாதங்கள் கணக்கில் தள்ளக் கூடாது. படியிறங்கும்போதே அவளுக்குப் பாடம் நடந்தது.

ஆகவே முதல் டெனோசுமாப் போடும் முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை வாங்குங்கள்: அடுத்த ஊசி எந்த ஊரில், யார் போடுவார்? கிடைக்காவிட்டால் என்ன மாற்று, எந்த மாதத்துக்குள்? எப்போதாவது நிறுத்தினால் அதற்குப் பின் எந்த மருந்து? விடை இல்லையென்றால், ஆண்டுக்கு ஒரு முறை ஜோலிட்ரானிக் ஆசிட்டோ ஒழுங்காக விழுங்கும் வார மாத்திரையோ நம் நிலைமைக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். தேதி ஒரு மாதம் தவறினாலும் அவை இப்படிப் பழிவாங்காது. ஏற்கெனவே தேதி தவறியவர்கள் விமானத்துக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் பேசுங்கள்.

தாடைக்குப் பயந்து எல்லாவற்றையும் விடுவது

தாடை எலும்பு செத்துப்போவது உண்மையான பக்க விளைவுதான். ஆனால் எலும்பு மெலிவுக்குக் கொடுக்கும் அளவில் அது ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவர் முதல் லட்சம் பேரில் ஒருவர் வரை. புற்றுநோய்க்கு இதே மருந்துகளை அதிக அளவில் அடிக்கடி கொடுப்பார்கள், பயமுறுத்தும் கதைகள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை. இன்னொரு தட்டில் இருப்பது இடுப்பு முறிவு. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்.

செய்ய வேண்டியது, ஊசி தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்ப்பது. பிடுங்க வேண்டிய பல்லை முன்பே பிடுங்கி, புண் ஆற விடுங்கள். இங்கே வெற்றிலை போடாத வாய் குறைவு. சுண்ணாம்பும் பாக்கும் ஈறை அரித்து வைத்திருக்கும், பொருந்தாத பல்செட் வேறு உரசிக்கொண்டிருக்கும். வெற்றிலையை விடச் சொன்னால் மருந்தை விட்டுவிடுகிறேன் என்கிறார்கள்! நடுவில் பல் பிடுங்க வேண்டி வந்தால் எந்த மருந்து, கடைசியாக எப்போது என்று பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். டெனோசுமாப் போடுபவர்கள் பல்லுக்காகத் தாங்களாகவே ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். மேலே சொன்ன கதைதான்.

வலிக்குக் கடைப் பொட்டலம்

மருந்துக் கடையில் நான்கைந்து மாத்திரையைக் கலந்து சின்னப் பொட்டலமாகத் தருவார்கள். முதுகு வலி ஒரே நாளில் பறந்துவிடும். அதில் ஸ்டீராய்டு இருப்பது சர்வ சாதாரணம். மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பை அரிப்பதும் அதே ஸ்டீராய்டுதான். ஒரு கையால் எலும்பு மருந்து, மறு கையால் பொட்டலம் என்று வைத்திருக்கும் வீடுகள் உண்டு. நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. பொட்டலத்தை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கரண்ட் இல்லாத வீட்டில் தினசரி ஊசி

டெரிபாரடைட் புது எலும்பை வளர்க்கும் மருந்து. முதுகெலும்பு பல இடங்களில் முறிந்தவர்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் தினமும் ஊசி, பொதுவாக இரண்டு ஆண்டு வரைதான். பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், திறந்த 28 நாளில் தூக்கிப் போட வேண்டும். 2021-க்குப் பிறகு இந்த ஊரில் மின்சாரம் வருவதும் போவதும் நமக்குத் தெரியும். ஏப்ரல் வெயிலில் ஐஸ்பெட்டியும் இல்லாமல் அந்தப் பேனாவை வாங்கி வைப்பது பணத்தைக் கொளுத்துவது. முதல் சில ஊசிகளை உட்கார்ந்துகொண்டே போடுங்கள், தலை சுற்றும். இரண்டு ஆண்டு முடிந்ததும் அடுத்த மருந்து இல்லையென்றால் வளர்ந்த எலும்பு நிற்காது.

தொடையில் மந்தமான வலி

மாத்திரையோ ஊசியோ பல ஆண்டு போட்டவருக்குத் தொடையிலோ கவட்டிலோ வாரக்கணக்கில் வலி என்றால் எக்ஸ்ரே எடுங்கள், இரண்டு கால்களுக்கும். அரிதான தொடை எலும்பு முறிவுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம், ஆசியப் பெண்களுக்கு இது வெள்ளையரைவிட அதிகம். இதனால்தான் மாத்திரை என்றால் ஐந்து ஆண்டிலும், ஆண்டு ஊசி என்றால் மூன்று ஆண்டிலும் தொடரலாமா, இடைவெளி விடலாமா என்று மருத்துவர் மறுபடி பார்ப்பார். இடைவெளி விடும் சலுகை டெனோசுமாப்புக்குக் கிடையாது.

கிரியாட்டினின் பார்க்காமல் ஊசி

போடாதீர்கள். கிரியாட்டினின் என்பது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. அதை வைத்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே என்றால் ஜோலிட்ரானிக் ஆசிட் கூடாது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு டெனோசுமாப் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி இரண்டையும் முன்பே பார்த்து, குறைந்திருந்தால் சரிசெய்த பிறகே ஊசி. ரிப்போர்ட் இல்லாமல் மருந்தை வாங்கிவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டால், நான் ஏழு மாடி ஏறி வந்தாலும் போடாமல்தான் இறங்குவேன்.