படை அனுப்பத் தயங்கும் அரசுகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு பயிற்சி நிருபர் எழுதிய ஹைட்டி கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியில் ஒரு வரி: “2023 அக்டோபரில் 2,500 பேர் கொண்ட படையை ஐ.நா. ஹைட்டிக்கு அனுப்பியது.” ஒரே வரியில் மூன்று தவறு. அனுப்பியது ஐ.நா. இல்லை. போனது 2,500 பேர் இல்லை. அக்டோபரில் யாருமே போகவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும், எனக்கோ கூச்சம்தான் வந்தது. 1994-ல் சர்வதேச டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்திருந்தபோது இதே தவறை இதைவிடப் பெரிய எழுத்தில் செய்தவன் நான்.

ருவாண்டாவையும் உகாண்டாவையும் மாற்றிப் போடுவது, பொதுச் செயலாளர் பெயரைத் தப்பாக எழுதுவது மாதிரியான விஷயங்களை இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் இரண்டு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும்.

தீர்மானம் நிறைவேறினால் படை கிளம்பிவிட்டது என்று எழுதுவது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முப்பது வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் தீரவில்லை.

1994 ஏப்ரல் 7-ல் ருவாண்டாவில் டுட்சி இனத்தவரைக் குறிவைத்த கொலைகள் தொடங்கின. அங்கே ஏற்கெனவே ஐ.நா. அமைதி காக்கும் படை ஒன்று இருந்தது, கனடாவின் ரோமியோ டலேர் தலைமையில். ஏப்ரல் 21-ல் பாதுகாப்பு கவுன்சில் அந்தப் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. ஊர் பற்றி எரியும்போது தீயணைப்பு வண்டியைத் திரும்பக் கூப்பிட்ட கதை. உலகம் காறித் துப்பிய பிறகு, மே 17-ல் 918-ஆம் தீர்மானம் வந்தது: 5,500 பேர் வரை அனுமதி. அன்று இரவு டெலிபிரிண்டரில் வந்த செய்திக்கு நான் போட்ட தலைப்பு: “ருவாண்டாவுக்கு 5,500 வீரர்கள் விரைகிறார்கள்”.

யாரும் விரையவில்லை. ஆனால் என் மனதில் அந்தச் செய்தி அன்றோடு முடிந்துபோனது. படை போய்விட்டது, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த சில வாரங்களுக்கு ருவாண்டா செய்திகளை ஒற்றைப் பத்திக்குச் சுருக்கினேன், சில நாள் எடுக்கவே இல்லை. ஜூலைக் கடைசியில் ஒரு செய்தியில் ஐ.நா. படையின் எண்ணிக்கை சுமார் 550 என்று வந்தது. மூத்த துணை ஆசிரியரிடம் போய், “சார், ஒரு சைபர் விட்டுப்போச்சு போல” என்றேன். அவர் பழைய இதழை எடுத்துப் பார்த்துவிட்டு, “சைபர் சரியாத்தான் இருக்கு. நீ போட்ட தலைப்புலதான் ஒண்ணு கூடுதல்” என்றார்.

சரி, நடந்தது என்ன? ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது. உறுப்பு நாடுகள் தங்கள் படையில் ஒரு பகுதியை ஒப்பந்தம் போட்டு ஒதுக்கி வைக்கும் என்று சாசனத்தின் 43-ஆம் பிரிவு சொல்கிறது, அந்த ஒப்பந்தம் ஒன்றுகூட இன்றுவரை கையெழுத்தாகவில்லை. ஆகவே கவுன்சில் கை தூக்கிய மறுநாள் தலைமைச் செயலக அதிகாரிகள் ஒவ்வொரு நாடாகப் போய், “நீங்கள் எத்தனை பேர் தருவீர்கள்?” என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். ஆதரித்து வாக்களித்த நாடு ஒரு ஆளைக்கூட அனுப்ப வேண்டியதில்லை. அந்த மே மாதம் தேவைப்படும்போது தருவதற்குப் படையைத் தயாராக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்த அரசுகள் 19. ருவாண்டாவுக்கு என்று கேட்டபோது அவற்றில் ஒன்றுகூட ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு கானா போன்ற ஆப்பிரிக்க நாடுகள் ஆள் தர முன்வந்தன, அவர்களிடம் கவச வண்டி இல்லை. வண்டி இருந்த அமெரிக்காவோ வாடகை எவ்வளவு, ஏற்றுக்கூலி யார் தலையில் என்று வாரக்கணக்கில் பேசியது. வண்டிக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதுகூடப் பேச்சில் இருந்தது. ஒருவழியாக ஜூன் கடைசியில் வண்டிகள் உகாண்டாவின் எண்டெபி விமான நிலையத்தில் வந்து இறங்கின. ஜூலை நடுவில் கொலைகள் ஓய்ந்தபோது சுமார் 8 லட்சம் பேர் செத்திருந்தார்கள், படை வந்து ஓய்ந்ததல்ல அது, டுட்சி கிளர்ச்சிப் படை நாட்டைப் பிடித்ததால் ஓய்ந்தது.

இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், தயக்கம் 918-ஆம் தீர்மானத்துக்குள்ளேயே எழுதியிருந்தது. எல்லாரும் உடனே போவதில்லை, முதல் கட்டமாக ஒரு சிறு பகுதி, மற்றவர்கள் பொதுச் செயலாளரின் அறிக்கைக்குப் பிறகு என்று அமெரிக்கா வற்புறுத்திச் சேர்த்த நிபந்தனை. நான் எண்ணை மட்டும் பார்த்தேன். எந்த அரசும் “வர மாட்டோம்” என்று வெளிப்படையாகச் சொல்லாது, “கட்டம் கட்டமாக” என்றுதான் சொல்லும்.

ஆகவே புதியவர்களிடம் நான் நச்சரிப்பது இதுதான். அனுமதித்த தேதி, அனுமதித்த எண்ணிக்கை, எந்த நாடு எத்தனை பேர் தருவதாகச் சொன்னது, இன்று தரையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற நான்கும் கையில் இல்லாமல் ‘அனுப்பியது’ என்ற வினைச்சொல்லைத் தொடாதீர்கள். ‘அனுமதித்தது’ என்று எழுத எத்தனை விநாடி ஆகும்? ஹைட்டிக்குக் கென்யா தலைமையில் போகும் பன்னாட்டுப் படைக்கு அனுமதி 2023 அக்டோபர் 2-ல் கிடைத்தது. நடுவில் கென்யாவின் நீதிமன்றமே தடை போட்டது. கென்யப் போலீசாரின் முதல் அணி இறங்கியது 2024 ஜூன் 25-ல், கிட்டத்தட்ட ஒன்பது மாதம் கழித்து. திட்டமிட்ட 2,500 கடைசிவரை எட்டப்படவில்லை.

ஒற்றைக் காரணம் தேடுவது

“அங்கே எண்ணெய் இல்லை, அதனால் போகவில்லை.” டீக்கடையில் பேச நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு அரசுக்கும் காரணம் வேறு. 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகதிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் செத்த காட்சி வாஷிங்டனில் யாருக்கும் மறக்கவில்லை, அதன் பாதிப்பில் ஐ.நா. படைகளுக்கு ஆதரவு தரக் கடுமையான நிபந்தனைகள் வைக்கும் கொள்கை உத்தரவில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டது 1994 மே 3-ல், ருவாண்டாவில் கொலைகள் உச்சத்தில் இருந்த நேரம். பெல்ஜியத்தின் கதை வேறு. முதல் நாளே அதன் வீரர்கள் 10 பேர் கொல்லப்பட்டார்கள், படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, தான் மட்டும் ஓடியதாகத் தெரியக் கூடாதென்று மொத்தப் படையையுமே விலக்கச் சொல்லி மற்ற நாடுகளிடம் பேசியது. காரணங்களை விளக்கினால் அரசுக்கு வக்காலத்து வாங்குவதாக ஆகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பெல்ஜியத்தைப் பற்றி நான் மேலே எழுதியதைப் படித்து யாராவது வக்காலத்து என்பார்களா?

அரசு சொன்ன சொல்லை அப்படியே போடுவது

1994-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை ‘இனப்படுகொலை’ என்று சொல்லாமல் ‘இனப்படுகொலைச் செயல்கள்’ என்றது. அந்தச் சொல்லை ஒப்புக்கொண்டால் ஏதாவது செய்தாக வேண்டுமே என்ற பயம். நாங்கள் தமிழில் ‘இனக்கலவரம்’ என்று எழுதிக்கொண்டிருந்தோம். கலவரம் என்றால் இரண்டு பக்கமும் அடித்துக்கொள்வது.

பணம் தருபவரே ஆளும் தருவார் என்று நினைப்பது

ஐ.நா. அமைதி காக்கும் செலவில் கால்வாசிக்கு மேல் அமெரிக்காவின் பங்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது (ஒதுக்குவது வேறு, கட்டுவது வேறு). வீரர்களோ நேபாளம், வங்கதேசம், இந்தியா, ருவாண்டா போன்ற நாடுகளிலிருந்து வருகிறார்கள். ஆமாம், அதே ருவாண்டா. ஒரு வீரருக்கு மாதம் 1,400 டாலரைச் சற்றே தாண்டிய தொகை அவருடைய அரசுக்குப் போகிறது, அதுவும் பல நேரம் தாமதமாக.

சட்டத்தைத் தயக்கம் என்று எழுதுவது

ஜப்பானின் 1992 சட்டப்படி, போர்நிறுத்தம் இல்லாத இடத்துக்கு அதன் வீரர்கள் போக முடியாது. ஜெர்மனியில் நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும். விசாரித்துவிட்டு எழுதுங்கள். சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும் அரசுகளும் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

ஒருவரை மட்டும் குற்றவாளியாக்குவது

சூடானின் டார்ஃபூர் பகுதிக்கு ஐ.நா. படை போவதற்கு அந்நாட்டு அரசு முட்டுக்கட்டை போட்டது உண்மை. ஐ.நா. கேட்ட 24 ஹெலிகாப்டர்களை நெடுங்காலம் யாரும் தராததும் உண்மை.

கென்யப் போலீசாருக்கு நீலத் தொப்பி மாட்டுவது

மாட்டாதீர்கள். நீலத் தொப்பி ஐ.நா. அமைதி காக்கும் படையின் அடையாளம். கவுன்சில் அனுமதித்த படை எல்லாம் ஐ.நா. படை ஆகாது.

‘அமைதிப்படை’ என்று மொட்டையாக எழுதுவது

தமிழ் வாசகருக்கு அந்தச் சொல் 1987 இலங்கை. அது இருநாட்டு ஒப்பந்தத்தில் போன இந்தியப் படை. முன்னால் ‘ஐ.நா.’ போடுங்கள்.