ஒரே ஒரு ரீடைத் தேய்த்தால் சங்கராபரணம் கல்யாணியாகும்: மவுத் ஆர்கனில் ஸ்வரம் மாற்றும் முறை

பத்துத் துளை மவுத் ஆர்கனை வாங்கிப் பழகுகிறவர்கள் பலர் ஒரு கட்டத்தில் திணறுகிறார்கள். காதில் தெளிவாக இருக்கும் பாட்டு வாயில் வருவதில்லை. மூச்சு போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நேரம் அந்தப் பாட்டுக்கு வேண்டிய ஸ்வரமே அந்த வாத்தியத்தில் இல்லை என்பதுதான் காரணம்.

வேலூரில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கம் சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் கீர்த்தனை. கல்லூரி விடுதிகளில் வெளியூர்ப் பிள்ளைகள் கண்ட்ரி, ப்ளூஸ் வாசிக்கிறார்கள். இத்தனைக்கும் ஒரே ஸ்வர அமைப்பு ஈடுகொடுக்காது. அமைப்பை நாமே மாற்றலாம். முதல் வேலைக்கு ஒரு ரீடை, அதாவது உள்ளே அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்கை, தொட்டால் போதும்.

முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள்

துளைக்கு ஒரு ஊதல், ஒரு இழுப்பு என்று இருக்கும் பத்துத் துளை வாத்தியம்தான் வேண்டும். நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் நீளமான ட்ரெமலோ வகை இதற்கு ஆகாது. அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு ரீடுகள், ஒன்றுக்கொன்று இம்மி விலகி ஒலிக்கும்படி அமைந்திருக்கும். அந்த விலகல் கெடாமல் இரண்டையும் மாற்றுவது புதியவர்களுக்குக் கடினம். மேல்மூடி ஆணியில்லாமல் திருகாணியால் பூட்டியதாக இருக்கட்டும். ஹோனர் ஸ்பெஷல் 20 அப்படிப்பட்டது. சுருதி ஒரு கட்டை, அதாவது 'சி' என்று எழுதியது.

இனி ஸ்வரங்கள். ஒன்று முதல் பத்து வரை ஊதினால்:

ச க ப ச க ப ச க ப ச

இழுத்தால்:

ரி ப நி ரி ம த நி ரி ம த

நான்காம் துளையிலிருந்து ஏழு வரை ஒரு முழு சங்கராபரணம் இருக்கிறது: 4 ஊதல், 4 இழுப்பு, 5 ஊதல், 5 இழுப்பு, 6 ஊதல், 6 இழுப்பு, 7 இழுப்பு, 7 ஊதல். ஏழாம் துளையில் மட்டும் வரிசை திரும்புவதைக் கவனியுங்கள். முதல் மூன்று துளைகளில் மத்யமமும் தைவதமும் இல்லை. பஞ்சமம் மட்டும் இரண்டு இடத்தில் வருகிறது. கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடிக்க வசதியாக அமைத்த வாத்தியம் என்பதால் இப்படி. இந்த அமைப்புக்கு ரிக்டர் என்று பெயர்.

தேவையான சாமான்கள்

சின்ன ஸ்க்ரூடிரைவர், நகை ஆசாரிகள் பயன்படுத்தும் மெல்லிய ஊசி அரம், போனில் ஒரு டியூனர் ஆப். அப்புறம் ரீடுக்கு அடியில் செருக ஒரு மெல்லிய எஃகுத் தகடு. டூவீலர் மெக்கானிக்குகள் டேப்பெட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜில் உள்ள மிக மெல்லிய தகடு இதற்குப் பொருத்தம்.

வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் மதியம் உலோகம் சூடேறிக் கிடக்கும். சூடான ரீடு சற்றுத் தாழ்ந்து ஒலிக்கும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள், அந்தச் சத்தம் டியூனரைக் குழப்பும்.

முதல் மாற்றம்: ஐந்தாம் துளை

சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் உள்ள வித்தியாசம் மத்யமம் ஒன்றுதான். அதில் சுத்த மத்யமம், இதில் பிரதி மத்யமம். ஆகவே ஐந்தாம் இழுப்பை அரை ஸ்வரம் உயர்த்தினால் நடு ஸ்தாயியில் முழுக் கல்யாணி கிடைத்துவிடும். ஆங்கிலக் கணக்கில் 'எஃப்' 'எஃப் ஷார்ப்' ஆகிறது. மேலைநாட்டில் இதே மாற்றத்துக்குக் கண்ட்ரி டியூனிங் என்று பெயர். ஐந்து கட்டையை ('ஜி') ஆதாரமாக வைத்து இரண்டாம் இழுப்பிலிருந்து வாசிக்கும்போது மேஜர் ஸ்கேலின் நிஷாதமாக அது அமைகிறது. 4, 5, 6 மூன்றையும் சேர்த்து இழுத்தால் டி மைனருக்குப் பதில் டி மேஜர் கார்டு வரும். கண்ட்ரி பாட்டுக்கு அந்த கார்டு மிகவும் தேவை.

மேல், கீழ் மூடிகளைக் கழற்றுங்கள். ரீடுகளைப் பொருத்திய கீழ்த் தகட்டில் அவை வெளிப்பக்கம் தெரியும். இவைதான் இழுப்பு ரீடுகள். முதலில் இந்த வேலையைச் சொல்வதற்கு அதுவும் காரணம்: ரீடு தகட்டைக் கழற்றாமலே முடிந்துவிடும்.

ஐந்தாம் ரீடை எண்ணிக் கண்டுபிடியுங்கள். நகத்தால் லேசாகச் சுண்டி, இழுத்தும் பார்த்து, அதுதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரீடின் ஒரு முனை ரிவெட்டில் இறுகியிருக்கும், மறுமுனை ஆடும். ஆடும் முனையில் உலோகத்தைக் குறைத்தால் சுருதி ஏறும். ரிவெட்டுக்கு அருகில் குறைத்தால் சுருதி இறங்கும். மவுத் ஆர்கன் டியூனிங் முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் அடக்கம்.

எஃகுத் தகட்டை ஆடும் முனைக்கு அடியில் செருகுங்கள். முனையை ஒட்டிய கால் பங்கில் மட்டும், ரீடின் நீளவாக்கில், மெதுவாக அரத்தை ஓட்டுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும், பின்னால் அந்த இடத்தில் ரீடு விரிசல் விடும். நாலைந்து தேய்ப்புக்கு ஒருமுறை நிறுத்தித் தூளை ஊதித் தள்ளிவிட்டு, தகட்டை எடுத்துவிட்டு, இயல்பான மூச்சில் வாசித்து டியூனரைப் பாருங்கள். அரை ஸ்வரம் என்பது நூறு சென்ட். முதல் எழுபது சென்ட் வரை தைரியமாகப் போகலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒருமுறை பார்ப்பதே நல்லது.

குறிக்கு இரண்டு மூன்று சென்ட் முன்னாலேயே நிறுத்துங்கள். தேய்த்த சூடு ஆறியதும் சுருதி தானாகக் கொஞ்சம் ஏறும். ஒரு இரவு அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் காலையில் மீதியைச் சரிசெய்யுங்கள். மிஞ்சிப் போய்விட்டால் ரிவெட் பக்கம் ஓரிரு முறை தேய்த்து இறக்கலாம்.

அரம் அழுத்தி ரீடு தாழ்ந்துவிட்டால் ஒலி அடைக்கும். முனைக்கும் ரீடு தகட்டுக்கும் நடுவே ரீடின் தடிமன் அளவுக்கு இடைவெளி இருக்கும்படி மெல்ல நிமிர்த்திவிடுங்கள்.

பழைய மத்யமம் போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். முன்பு ஐந்தாம் துளையில் ஊதலுக்கும் இழுப்புக்கும் அரை ஸ்வர இடைவெளிதான், அதனால் மூச்சால் சுருதியை இறக்கி வளைத்து (பென்டிங்) வாசிக்க இடமே இல்லை. இப்போது முழு ஸ்வர இடைவெளி வந்துவிட்டது. பென்டிங் பழகியபின் அங்கே இழுப்பை வளைத்தால் சுத்த மத்யமம் திரும்பக் கிடைக்கும். மேல் ஸ்தாயியிலும் கல்யாணி வேண்டுமானால் ஒன்பதாம் இழுப்பையும் இதேபோல உயர்த்துங்கள். அந்த ரீடு சிறியது, பாதித் தேய்ப்பிலேயே சுருதி தாவும்.

இரண்டாவது: மோகனத்துக்கு மூன்றாம் துளை

மூன்றாம் ஊதலில் இருப்பது பஞ்சமம். அதே பஞ்சமம் இரண்டாம் இழுப்பிலும் இருக்கிறது. மூன்றாம் ஊதலை ஒரு முழு ஸ்வரம் உயர்த்தித் தைவதமாக்கினால் எந்த ஸ்வரமும் இழப்பில்லை, கீழ் ஸ்தாயியில் ச ரி க ப த ச என்று மோகனம் தடையின்றி ஓடும். பிரெண்டன் பவர் என்ற வாசிப்பாளர் ஐரிஷ் மெட்டுகளுக்காக உருவாக்கிய அமைப்பு இது. பேடி ரிக்டர் என்பார்கள். நாட்டுப்புற மெட்டு வாசிக்க விரும்புகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஊதல் ரீடுகள் மேல் தகட்டின் உட்புறம் இருப்பதால் தகட்டைக் கழற்றியாக வேண்டும். திருகாணிகளைத் திரும்ப மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய், எல்லாவற்றையும் ஒரே அளவில் இறுக்குங்கள். இல்லாவிட்டால் காற்று கசியும். ப்ளூஸ் வாசிக்கும் வாத்தியத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மூன்றாம் இழுப்பை ஆழமாக வளைப்பதுதான் ப்ளூஸுக்கு உயிர். இந்த மாற்றத்துக்குப் பின் அங்கே அரை ஸ்வரம்தான் வளையும்.

மாயாமாளவகௌளை

சரளி வரிசை பழகும் பிள்ளைகளுக்கு நடு ஸ்தாயியில் இது வேண்டும் என்றால் 4, 6 இழுப்புகளை அரை ஸ்வரம் இறக்க வேண்டும். ரிவெட் பக்கம் தேய்ப்பது ரீடைப் பலவீனப்படுத்தும் என்பதால் மிக நிதானமாகச் செய்யுங்கள். முதல் இரண்டு மாற்றங்களும் கைவந்த பிறகு இதில் இறங்குங்கள். பென்டிங்கில் இந்த இரண்டு ஸ்வரங்களையும் எட்டலாம்தான். ஆனால் ஆரம்பத்தில் இருப்பவர்களால் சுருதி நழுவாமல் வளைத்து நிறுத்த முடியாது. வரிசை பழகும்போது சுருதி நழுவினால் காதும் சேர்ந்து கெடும்.

வாங்கிவிடுவதே மேல்

கரகரப்பிரியா, நடபைரவி, கீரவாணிக்கு நிறைய ரீடுகளை இறக்க வேண்டியிருக்கும். தேய்க்காதீர்கள். லீ ஆஸ்கர் நிறுவனம் இந்த அமைப்புகளைத் தயாராகவே விற்கிறது. ஹார்மோனிக் மைனர் வாங்கினால் நான்காம் ஊதலிலிருந்து கீரவாணி. நேச்சுரல் மைனரில் நான்காம் ஊதலிலிருந்து கரகரப்பிரியா, ஆறாம் ஊதலிலிருந்து நடபைரவி. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நேச்சுரல் மைனரில் அச்சிட்டிருக்கும் சுருதி இரண்டாம் இழுப்பின் சுருதி. ஒரு கட்டையில் கரகரப்பிரியா வேண்டுமானால் 'ஜி மைனர்' என்று எழுதியதைக் கேளுங்கள்.