அரபு மொழியில் மட்டும் விழுந்த பக்கம்

மூன்று நாள் போச்சு, ஒருவழியாக முடிந்தது. சவூதி வாடிக்கையாளருக்கு எழுதிய டாட்நெட் (மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளம்) மென்பொருளில் ஒப்பந்தப் பட்டியல் பக்கம், அரபு மொழியைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் பிழை வந்து விழுந்துவிடும். அதுவும் எல்லா ஒப்பந்தங்களுக்கும் இல்லை, சிலவற்றுக்கு மட்டும்.

டைம்சோன்தான் என்று நினைத்து ஒரு நாள் வீண். அப்புறம் டேட்டாபேஸைக் குடைந்தேன், தேதியெல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் என் கணினியின் கல்ச்சரை, அதாவது மொழி-நாடு அமைப்பை, ஏஆர்-எஸ்ஏ (சவூதி அரபு) என்று மாற்றிப் பார்த்தேன், உடனே விழுந்தது. அதன் இயல்பு நாட்காட்டி உம் அல்-குரா என்ற சவூதியின் ஹிஜ்ரி நாட்காட்டி; டாட்நெட்டில் அதற்கு 30-4-1900 முதல் 16-11-2077 வரைதான் எல்லை, அதாவது ஹிஜ்ரி 1318 முதல் 1500 வரை. நாங்களோ முடிவுத் தேதி இல்லாத ஒப்பந்தத்துக்கெல்லாம் 31-12-9999 போட்டு வைத்திருந்தோம்.

கூத்து என்னவென்றால், பிழை வந்தது திரையில் காட்டும் வரியில் இல்லை, லாக் (மென்பொருளின் செயல் பதிவு) எழுதும் வரியில். தேதியை எழுத்தாக மாற்றும் வெறும் டூஸ்ட்ரிங், அவ்வளவுதான். திரைக்கான நிரலையே முறைத்துக்கொண்டிருந்தால் எப்படிக் கண்ணில் படும்?

லாகுக்கு எந்த நாட்டையும் சாராத இன்வேரியன்ட் கல்ச்சர் கொடுத்தேன், 9999-ஐ எடுத்துவிட்டு நல் (null, மதிப்பு இல்லை) வைத்தேன், திரையில் காட்டுமுன் நாட்காட்டியின் இரண்டு எல்லைகளோடும் ஒப்பிட்டேன். கீழ் எல்லையை விட்டுவிடாதீர்கள், மதிப்பு கொடுக்காத டேட்டைம் (தேதி-நேர மாறி) 1-1-0001 என்று வந்து நிற்கும், தேதி வடிவம் (ஃபார்மட்) கொடுத்து எழுதச் சொன்னால் அதுவும் இதே மாதிரி விழும்.