குதிரை டிரெய்லர் வாங்கப் போகிறீர்களா? முதலில் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள்

டிரெய்லர் பார்க்கப் போனால் கண் முதலில் பெயின்ட் மேலும் சேணம் வைக்கும் அறை மேலும்தான் போகும். குதிரையின் உயிர் இருப்பது அடியில்: தரைப்பலகை, ஆக்சில், பிரேக், வாகனத்தோடு பூட்டும் கப்ளர். அதனால் இந்த விளக்கம் கீழேயிருந்து மேலே போகிறது. வண்டியை ரிவர்ஸ் எடுப்பதும் குதிரையை ஏறப் பழக்குவதும் தனித்தனிப் பாடங்கள், இங்கே தொடவில்லை.

படி 1: புறப்படும் முன் எடைக் கணக்கு

சவாரிக் குதிரை பெரும்பாலும் 450 முதல் 550 கிலோ இருக்கும். பெரிய உடல்வாகு என்றால் 600-ஐத் தாண்டும். இரண்டு குதிரை டிரெய்லர் ஒன்றின் வெறும் எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குதிரைகள் இரண்டும் சேர்ந்து 1,000. சேணம், வைக்கோல், தண்ணீர் 150. ஆக 2,350 கிலோ.

இந்த எண்ணை இரண்டு இடத்தில் ஒப்பிட வேண்டும். டிரெய்லர் தகட்டில் அச்சிட்டிருக்கும் மொத்த எடை வரம்பு இதைவிட அதிகமாக இருக்க வேண்டும். இழுக்கும் வாகனத்தின் இழுவைத் திறனும் அதிகமாக இருக்க வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் வையுங்கள். நம் கணக்குக்கு 3,000 கிலோ இழுக்கும் வண்டி சரி. 2,400 கிலோ வண்டி காகிதத்தில் போதும், மலை இறக்கத்தில் போதாது. இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கடினம். உள்ளே நிற்கும் பாரம் உயிருள்ளது, இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது மூக்கு எடை, அதாவது கப்ளர் வழியாக வாகனத்தின் மேல் இறங்கும் பாரம். வாகனத்தின் பின்பக்க பாலில், அதாவது கப்ளர் உட்காரும் இரும்பு உருண்டையில், மாட்டும் அமெரிக்க வகை டிரெய்லர்களில் இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். ஐரோப்பிய வகைகளில் இன்னும் குறைவு. எதுவானாலும் வாகனக் கையேட்டில் உள்ள வரம்பே முடிவு. மூக்கு எடை குறைந்தால் டிரெய்லர் பாம்பு போல ஆடும். கூடினால் வாகனத்தின் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடி தளரும். விற்பவர் சொல்லும் வெறும் எடையை அப்படியே நம்ப வேண்டாம். எடை மேடையில் ஒரு முறை ஏற்றிப் பார்ப்பது சில நிமிட வேலை.

படி 2: தரை

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். மேலே ரப்பர் மேட் கறுப்பாக, சுத்தமாகக் கிடக்கும். அடியில் பலகை உளுத்திருக்கலாம். ஓடும் வண்டியில் பலகை உடைந்து குதிரையின் கால் சாலையில் இழுபடுவது உண்மையில் நடக்கிற விபத்து. சோதிக்காமல் வாங்கவே கூடாது.

4க்கு 6 அடி, முக்கால் அங்குலத் தடிமனான மேட் ஒன்று ஏறக்குறைய 45 கிலோ. கையால் பிடித்தால் நழுவும். விளிம்பை வைஸ் கிரிப் பிளையரால் (கவ்வியபின் பூட்டிக்கொள்ளும் இடுக்கி) கவ்வி, இரண்டு பேராகத் தூக்குங்கள். பிறகு தட்டை முனைத் திருப்புளியை எடுத்துப் பலகையில் அழுத்துங்கள். நல்ல மரம் முனையை எதிர்க்கும்; உளுத்த மரத்தில் ஈர மண்கட்டியில் இறங்குவதுபோல இறங்கும். கத்தி வேண்டாம், கூர்முனை நல்ல மரத்திலும் இறங்கிவிடும், வித்தியாசம் தெரியாது. நடுவில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சிறுநீர் தேங்கும் பின்பாதி, பலகையின் முனை இரும்புச் சட்டத்துக்குள் நுழையும் இடம், மேட்டின் இணைப்புக்குக் கீழே: அழுகல் தொடங்குவது இந்த மூன்று இடங்களில்.

அலுமினியத் தரை அழுகாது என்பார்கள். ஆனால் சிறுநீரும் அம்மோனியாவும் அலுமினியத்தை அரிக்கும். மேட்டைத் தூக்கினால் வெள்ளைப் பொடியும் ஊசி முனை அளவு குழிகளும் தெரிந்தால், அந்தத் தரையைப் பல காலம் யாரும் கழுவவில்லை என்று பொருள். குழிகள் ஆழமாக இருந்தால் விட்டுவிடுங்கள். எனக்குப் பிடித்தது இடைவெளி விட்டுப் பதித்த, மருந்தேற்றிய மரப்பலகைதான். நீர் வடியும், கெட்டுப்போன பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம்.

இப்போது டார்ச்சோடு அடியில் படுத்துப் பாருங்கள். குறுக்குச் சட்டங்களில் மேலாக ஒட்டிய துரு பரவாயில்லை. செதில் செதிலாக உரிந்தால் பிரச்சினை. சிறு சுத்தியலால் தட்டுங்கள்: கணீரென்றால் இரும்பு நலம், மொத்தென்றால் உள்ளே தின்றிருக்கிறது.

படி 3: டயர், பேரிங், பிரேக்

டிரெய்லர் டயர் தேய்ந்து கெடுவதைவிட நின்ற இடத்திலேயே முதிர்ந்து கெடுவது அதிகம். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு ஆண்டு தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்; அந்தச் செலவை விலை பேசும்போதே கழியுங்கள்.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடவென்றால் பேரிங் வேலை இருக்கிறது. சிறிது தூரம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு ஹப்பின், அதாவது சக்கர நடுப்பகுதியின், சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒன்று மட்டும் தனியாகச் சூடானால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது.

எலக்ட்ரிக் பிரேக் இருந்தால், டிரெய்லர் கழன்று ஓடும்போது தானாகப் பிரேக் பிடிக்கவைக்கும் அவசரக் கம்பியையும் சோதியுங்கள். கம்பியின் முனையில் உள்ள பின்னை (செருகு ஊசி) உருவிவிட்டு வண்டியை மெதுவாக நகர்த்தினால் டிரெய்லர் சக்கரங்கள் உருளாமல் இழுபட வேண்டும். உடனே பின்னைத் திரும்பச் செருகுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். இந்தக் கம்பியை வாகனத்தின் சட்டத்தில் மாட்ட வேண்டும், பாதுகாப்புச் சங்கிலியில் அல்ல.

படி 4: குதிரைக்கு இடம்

16 ஹேண்ட் வரை, அதாவது சுமார் 163 செ.மீ. உயரக் குதிரைக்கு உட்கூரை 213 செ.மீ. இருக்கட்டும், அதைவிடப் பெரியதற்கு 229. தலையை உயர்த்தினால் இடிக்கிற டிரெய்லரில் குதிரை அடுத்த முறை ஏறாது.

நேராக நிற்கும் அமைப்பா, சாய்வாக நிற்கும் அமைப்பா? ஒன்றிரண்டு குதிரை என்றால் நேர் அமைப்பே என் தேர்வு. சாய்வு அமைப்பில் நீளமான குதிரைக்கு இடம் பத்தாது. பின்னால் நிற்பதை இறக்காமல் முன்னால் நிற்பதை இறக்கவும் முடியாது. நடுத்தடுப்பு தரை வரை போகாமல் இருப்பது நல்லது. வளைவில் குதிரை காலை அகட்டி ஊன்ற வேண்டும். அடியில் தடுப்பு இருந்தால் ஊன்ற முடியாமல் தவித்து உதைக்கும்.

உட்சுவரைக் குதிரையின் மூக்கு முதல் குளம்பு உயரம் வரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். திருகு முனை, கிழிந்த தகடு எதுவும் கையில் படக் கூடாது. முன்பக்கம் ஆள் வெளியேறத் தனிக் கதவு கட்டாயம் வேண்டும்.

குதிரையின் மார்புக்கு முன்னும் புட்டத்துக்குப் பின்னும் குறுக்கே போடும் மார்புக் கம்பியும் பின்கம்பியும், குதிரை சாய்ந்து அழுத்திக்கொண்டிருக்கும்போதும் வெளியிலிருந்து திறக்க வர வேண்டும். கம்பியை ஒருவர் உள்ளிருந்து முழு பலத்தோடு தள்ள, இன்னொருவர் வெளியிலிருந்து திறந்து பாருங்கள். ஏற்றும்போது பின்கம்பியைப் போட்ட பிறகே தலைக்கயிற்றைக் கட்டுங்கள். இறக்கும்போது கயிற்றை அவிழ்த்த பிறகே பின்கம்பியைத் திறங்கள். வரிசை மாறினால், பின்வாங்கும் குதிரை கயிறு இழுபட்டு மிரளும், துள்ளிக் கூரையில் மோதும்.

பின்சேர்க்கை

மேட்டைத் திருகி இறுக்கியிருந்தால்? திருகைக் கழற்றச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அந்த டிரெய்லர் வேண்டாம்.

கப்ளரும் பாலும் ஒரே அளவா என்று எண்ணை வாசித்துச் சரிபாருங்கள். 2 5/16 அங்குலக் கப்ளர் 2 அங்குல பாலிலும் பூட்டியதுபோல உட்காரும்; சாலைக் குழியில் துள்ளிக் கழன்றுவிடும். பூட்டியபின் டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சுற்றி உயர்த்துங்கள். வாகனத்தின் பின்பக்கமும் கூடவே எழுந்தால் பூட்டு பிடித்திருக்கிறது.

இரண்டு குதிரை டிரெய்லரில் ஒன்றை மட்டும் ஏற்றினால், டிரெய்லருக்குள் சாலையின் நடுவை ஒட்டிய பக்கத்தில் அதை நிறுத்துங்கள். பெரும்பாலான சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். பாரம் ஓரப் பக்கம் இருந்தால் டிரெய்லரும் அந்தப் பக்கமே சாயும்.