மாசி, பங்குனியில் செஞ்சிக்கு ஒரு நாள்: கட்டுச்சோறு முதல் கோட்டை உச்சி வரை

பஞ்சாங்கத்தில் இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. அந்த மாதங்களில் செஞ்சிப் பாறையில் கை வைத்தால் சுடும். வட தமிழ்நாட்டில் ஊர் சுற்றத் தோதான காலம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை, நான்கைந்து வாரம்தான். விடியலில் லேசான குளிர் இருக்கும். ஏரிகளில் மழைக்காலத் தண்ணீர் மிச்சம் இருக்கும். கல்யாண முருங்கை இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும்.

ஆனால் இந்தக் காலத்திலும் பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். பன்னிரண்டுக்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பதை வைத்துத்தான் கீழே எல்லா நேரமும் கணக்கிடப்பட்டிருக்கிறது. முதல்முறை போகிற ஆறு பேர், சென்னைப் பக்கத்திலிருந்து காரில் கிளம்புவதாக அளவுகள்.

நாள் குறிப்பது

பௌர்ணமியைத் தவிருங்கள். திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும் கூட்டத்தில் பெரும்பகுதி திண்டிவனம், செஞ்சி வழியாகத்தான் போகும். மாசி மகம், பங்குனி உத்திரம் இரண்டும் பௌர்ணமியை ஒட்டியே வருவதால் அந்த நாட்களில் பேருந்திலும் நிற்க இடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமையைவிடச் சனிக்கிழமை நல்லது. ஞாயிறு மாலை ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை வண்டிகள் ஊர்ந்துதான் வரும்; நாள் முழுக்கச் சேர்த்த சந்தோஷம் அங்கேயே கரைந்துவிடும்.

முந்தின நாள் ராத்திரி: புளிக்காய்ச்சல்

வழியில் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. ஆனால் மலை இறங்கிக் களைத்துப்போய்க் கடை தேடி அலைவது வேண்டாத வேலை. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டால் போதும்.

ஆறு பேருக்கு இரண்டும் சேர்த்து 700 கிராம் அரிசி: புளியோதரைக்கு 400, தயிர்சாதத்துக்கு 300. புளி 60 கிராமை 400 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். நல்லெண்ணெய் 100 மில்லி. அளவைப் பார்த்து மிரள வேண்டாம். எண்ணெயைக் குறைத்தால் மதியத்துக்குள் சாதம் வறண்டு தொண்டையில் அடைக்கும். எண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் பன்னிரண்டு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூளும் ஒன்றேகால் மேசைக்கரண்டி கல்லுப்பும் போட்டுக் கரைசலை ஊற்றுங்கள். மிதமான தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம். குமிழ்கள் சின்னதாக இருந்து பெரிதாகி, 'ப்ளக் ப்ளக்' என்று வெடிக்க ஆரம்பித்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்போது அடுப்பை அணையுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் பச்சைப் புளி வாடை அடிக்கும்; தண்ணீர் மிச்சம் இருப்பதால் சாதமும் சீக்கிரம் கெடும். வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை தேக்கரண்டி, தனியா ஒரு மேசைக்கரண்டி, நெல்லிக்காய் அளவு வெல்லம் கடைசியில். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடியைத் தனிப் பொட்டலமாக வையுங்கள், சாப்பிடும்போது தூவிக்கொள்ளலாம். இப்போதே கலந்தால் நமுத்துப்போகும்.

வாழை இலையை அடுப்புத் தணலில் லேசாக வாட்டி மடித்து வைத்துவிடுங்கள். வாட்டாத இலை கட்டும்போது நரம்போடு கிழியும். இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். முழுக்க ஊற்றினால் உறையும்போது பாட்டில் பிதுங்கி விரிசல் விடும்.

விடியற்காலை மூன்றரை மணி

புளியோதரைக்குச் சாதம் உதிரியாக வேண்டும்: பழைய பச்சரிசி ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். வெந்ததும் அகலமான தட்டில் கொட்டி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிடுங்கள். கட்டுச்சோறு கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடினால் ஆவி மூடியில் தண்ணீராகப் படிந்து சாதத்தின் மேலேயே சொட்டும். வேகவைத்தும் சாகாத கிருமி வித்துகள் அரிசியில் உண்டு. அந்த ஈரமும் வெதுவெதுப்பும் அவற்றுக்குக் கொண்டாட்டம். புளியின் புளிப்பு அவற்றை அடக்கி வைக்கும் என்பதால்தான் வெறும் சாதத்தைவிடப் புளியோதரை தாங்குகிறது. தட்டின் அடியில் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. அப்புறம் காய்ச்சலைக் கலந்து இலையில் கட்டுங்கள்.

தயிர்சாதத்துக்கு நேர் எதிர். 300 கிராம் அரிசியை நான்கு பங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து மசியுங்கள். காய்ச்சி ஆறிய பால் 600 மில்லி, தயிர் இரண்டே மேசைக்கரண்டி. முதல்முறை செய்கிறவர்கள் தயிரையே நிறைய ஊற்றிக் கலந்துவிட்டு, மதியம் புளிப்பில் முகம் சுளிப்பார்கள். பால் சாதமாக எடுத்துப்போனால் வழியிலேயே உறையும். நாலேகாலுக்குக் கலந்தது பன்னிரண்டரைக்குப் பதமான தயிர்சாதம். கலக்கும்போது சாதமும் பாலும் விரல் பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் உறைமோர் செத்துவிடும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்து ஆறவைத்துச் சேருங்கள். பச்சை வெங்காயம் வேண்டாம், மதியத்துக்குள் வாடை வந்துவிடும்.

தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், மாவடு. மாவடு கடைக்கு வருகிற பருவமும் இதுதான். தேங்காய்ச் சட்னி மட்டும் கூடவே கூடாது, முதலில் கெடுவது அதுதான். காலை டிபனுக்கு ஆளுக்கு நான்கு இட்லி, மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி.

வண்டியில் எது எங்கே

தண்ணீர் நாள் முழுக்கத் தலைக்கு மூன்று லிட்டர்; ஒரு இருபது லிட்டர் கேன் ஏற்றினால் கணக்கு சரி. மலைக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் பாட்டில் தனி. உப்பு-சர்க்கரைத் தண்ணீரும் ஒரு பாட்டில் வேண்டும்: ஒரு லிட்டருக்குச் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தலைதட்டி அளந்து. உப்பு கூடினால் நல்லதற்குப் பதில் கெடுதல்.

ஒரு தெர்மாகோல் பெட்டியில் உறைந்த பாட்டில்கள், மோர், வெள்ளரிப் பிஞ்சு. தயிர்சாதத்தை அதற்குள் வைக்காதீர்கள், உறையாது. பின்சீட்டின் கீழே, ஈரத்துணி சுற்றி வையுங்கள். செஞ்சியில் வண்டியை மரநிழலில் விடுங்கள். நிழல் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருக்கும் என்று பார்த்து நிறுத்த வேண்டும். காலை நிழலை நம்பி நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் கார் அடுப்பாகியிருக்கும்.

செருப்பு வேண்டாம், அடிப்பகுதி தேயாத ஷூ. பருத்தி உடை, தொப்பி. குடை வேண்டாம், குறுகலான படியில் எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும்.

பாதை

தாம்பரத்திலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம். அங்கே நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திருவண்ணாமலை ரோட்டில் திரும்பினால் 28 கி.மீ. செஞ்சி. டீக்கு நிறுத்தினாலும் எட்டேகாலுக்குள் சேர்ந்துவிடலாம். பேருந்தில் வருகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் செஞ்சி வழியாகப் போகும் திருவண்ணாமலை வண்டியைப் பிடிக்க வேண்டும். ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரைத் தாண்டியதும் ரோட்டின் இரு பக்கமும் மதில் தெரியும். தெற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, மூன்றாவது சந்திரகிரி. கோட்டை திறப்பது காலை ஒன்பது என்பார்கள். முந்தின நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். இட்லியைக் காருக்குள்ளேயே முடித்துவிட்டு, கதவு திறக்கும்போது வாசலில் நில்லுங்கள். பிற்பகல் ஆகிவிட்டால் உச்சிக்கு விடமாட்டார்கள்.

ஏறும்போது

ராஜகிரி சுமார் 800 அடி. நிதானமாக ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். உள்ளே நுழைந்ததும் கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் ஆளை இழுக்கும். நிற்காதீர்கள், இறங்கி வந்து பார்க்கலாம். முதலில் மலை.

படிகள் எல்லாம் ஒரே உயரம் இல்லை. ஆரம்பத்தில் குதித்து ஏறுகிறவர்கள் பாதியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, இரண்டு மடக்கு தண்ணீர். தாகம் எடுத்தபின் அரை பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தால் வயிறு கனத்து ஏற முடியாது. தலை சுற்றினால், அல்லது வெயிலில் உடம்பு சிலிர்த்தால், அவரோடு ஒருவர் துணைக்கு இறங்க வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் கீழேயே இருக்கட்டும். கீழ்க்கோட்டையிலேயே அரை நாள் பார்க்க இருக்கிறது.

குரங்குகளுக்கு மனிதர்களைவிடப் பிளாஸ்டிக் பை நன்றாகத் தெரியும். அதன் சரசரப்பு கேட்டாலே இறங்கி வரும். கையில் பை, கலர் பாட்டில், பிஸ்கட் எதுவும் கூடாது. எல்லாம் முதுகுப்பைக்குள், ஜிப் முழுக்க மூடி. நேருக்கு நேர் வந்தால் பல் தெரியச் சிரிக்காதீர்கள், குரங்குக்கு அது சண்டைக்கு அழைப்பு. பையைப் பிடித்துக்கொண்டால் இழுபறி செய்யாமல் விட்டுவிடுங்கள். கடி வாங்கினால் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும்.

உயரமான பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டும். அடியில் சத்தம் போடுவது, கல் எறிவது, சிகரெட் புகைப்பது மூன்றுமே ஆபத்து. சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள். தேனீ கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள்.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவின்மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தை இழுத்துக்கொண்டால் மேலே போக வேறு வழி இல்லை. முகலாயப் படைத்தளபதி சுல்பிகர் கான் சிவாஜியின் மகன் ராஜாராமை இங்கே ஏழெட்டு ஆண்டு முற்றுகையிட்டும் ஏன் பிடிக்க முடியவில்லை, 1698 வரை ஏன் கோட்டை விழவில்லை என்பது அந்தப் பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் விளங்கும். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். நம் ஊரில் இதை இன்னும் ராஜா தேசிங்கு கோட்டை என்றே சொல்கிறோம், அவர் ஆண்டது சில மாதங்களே ஆனாலும்.

மேலே ரங்கநாதர் கோயில், பீரங்கி. அரை மணி நேரம் போதும். விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். காற்று திடீரென்று தள்ளும். இறங்கும்போது முழங்காலைச் சற்று மடித்து, பாதத்தைப் படியில் குறுக்காக வைத்து இறங்குங்கள். வழுக்கி விழுவது ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான்.

சாப்பாடு, அதற்கப்புறம்

கீழே கல்யாண மகாலை ஒரு சுற்று பார்த்துவிட்டு, பன்னிரண்டரைக்கு வண்டியை எடுங்கள். கோட்டை வாசலில் பொட்டலத்தைப் பிரித்தால் குரங்குகள்தான் சாப்பிடும். திண்டிவனம் ரோட்டில் சில கி.மீ. தள்ளி, நிழல் உள்ள இடமாகப் பார்த்து ஒதுங்குங்கள். தயிர்சாதம் கெட்டியாகியிருந்தால் மோர் கொஞ்சம் விட்டுத் தளர்த்துங்கள். நுரைத்தோ நூல் இழுத்தோ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இலை மாட்டுக்கு, பிளாஸ்டிக் திரும்ப வண்டிக்கு.

இரண்டரைக்குக் கிளம்பினால் வழியில் வேடந்தாங்கலுக்கும் நேரம் இருக்கும். படாளம் கூட்டுரோட்டில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். நாலரைக்கு மேல்தான் பறவைகள் இரை தேடிவிட்டுக் கூடு திரும்பும்; மதியம் போனவர்கள்தான் 'ஒன்றுமே இல்லை' என்று சொல்வார்கள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா இந்த மாதங்களில் குஞ்சுகளோடு இருக்கும். பைனாகுலர் ஒன்று இருந்தால் ஆறு பேருக்கும் போதும். மார்ச் கடைசியில் தண்ணீர் வற்ற வற்றக் கூட்டம் குறையும். தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காத ஊர் அது, கார் ஹாரனை அங்கே தொடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமான தயிர்சாதத்தை மறுநாளைக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம். கலக்காத புளிக்காய்ச்சல் மீதி இருந்தால் ஈரம் படாத கண்ணாடி பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு வாரம் தாராளமாக வரும்.